பாலம் தாங்கும்

கால்வாயில் தண்ணீர் வடிந்து முழங்காலுக்கு வந்ததும் ஜான்சி பாலத்துக்கு அடியில் இறங்கினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. அலுமினிய ஏணியைத் தூணின் அடிக்கட்டில் ஊன்றி, ஆடாமல் நிற்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். தலைக்கு மேலே பாலத்தின் உத்திரம். சுத்தியலால் தட்டினாள். டங் என்றது. ஒரு முழம் தள்ளித் தட்டினாள். அதுவும் டங். நல்ல காங்கிரீட் அப்படித்தான் பதில் சொல்லும் என்று கல்லூரியில் படித்திருந்தாள். கெட்டுப்போனது வேறு மாதிரி சொல்லும் என்றும் படித்திருந்தாள். அந்தச் சத்தத்தை அவள் இதுவரை கேட்டதில்லை.

நடு உத்திரத்தில் கேட்டாள். சுத்தியல் பட்ட இடம் பொத்தென்றது, விரிசல் விட்ட பானையைத் தட்டியது போல. மறுபடி தட்டியபோது ஒரு பாளம் பெயர்ந்து அவள் தோளை உரசிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. பெருவிரல் கனத்துக்கு இருந்திருக்க வேண்டியது, துரு ஏறி ஏடு ஏடாக உரிந்து பென்சில் அளவுக்கு இளைத்திருந்தது. பக்கத்துக் கம்பியைத் தொடப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அது நடுவில் அறுந்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"ஜான்சி, போட்டோ எடுத்துட்டீங்களா?" என்று கரையிலிருந்து பிரபு கேட்டான்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது பாலம் முனகியது. ஏதோ வண்டி ஏறியிருந்தது. ஹெல்மெட்டின் மேல் மணல் மாதிரி தூசி கொட்டியது. கண்ணுக்கு நேரே, உத்திரத்தின் குறுக்கே மயிரிழையாக ஓடிய ஒரு விரிசல், வண்டி நடுவுக்கு வந்தபோது வாய் திறந்தது. வண்டி தாண்டியதும் மூடிக்கொண்டது. மேலே பெண்களின் பேச்சுச் சத்தம், சாப்பாட்டுத் தூக்குகள் இடிபடும் சத்தம். "ராமதாசண்ணே, மெதுவா ஓட்டேன், குலை நடுங்குது" என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். கத்தியது ஜான்சியின் அம்மா ராசம்மாள்.

ஜான்சி ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். இறங்க வேண்டும் என்று தெரிந்தது. கால் அசையவில்லை.

அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பல நாடுகளில் கிளை உள்ள பெரிய கன்சல்டிங் கம்பெனி. கண்ணாடிக் கட்டடம். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஒவ்வொரு காலையும் அட்டையை நீட்டும்போது இன்றைக்குத் திறக்காமல் போய்விடுமோ என்று அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். மீட்டிங்கில் எல்லாரும் இங்கிலீஷில் சிரிக்கும்போது அவள் அரை நொடி தாமதமாகச் சிரிப்பாள். கடற்கரைப் பகுதியின் பழைய பாலங்களைச் சோதித்துச் சொல்லும் வேலை வந்தபோது, "மரக்காணத்துப் பொண்ணு ஒண்ணு இருக்கே, அவங்களை அனுப்புங்க. வீட்டுலயே தங்கிப்பாங்க, லாட்ஜ் செலவு மிச்சம்" என்று மேனேஜர் திருமுருகன் சொன்னார். அப்படித்தான் அவள் பிறந்து வளர்ந்த ஊரின் பாலத்துக்கே அவளை அனுப்பினார்கள்.

கிழக்கே கடல், மேற்கே கால்வாய், நடுவில் மணல்திட்டு போல நீண்ட நிலம். அதில் கொஞ்சம் உப்பளமும் அவர்கள் காலனியும் ஒரு சின்ன மாதா கோயிலும். மெயின் ரோடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். பெரிய அளங்களும் அந்தப் பக்கம்தான். காலனிப் பெண்கள் தினமும், 'குட்டி யானை' என்று எல்லாரும் சொல்லும் சின்ன லோடு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போவார்கள். இந்தப் பக்கத்து உப்பை ஏற்றிய லாரிகளும் அதே பாலத்தில்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

பிரபு அவளுக்கு எட்டு வருஷம் மூத்த எஞ்சினியர். அவள் சொன்னதைக் கேட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவனே இறங்கிப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. பையிலிருந்து கொஞ்சம் பிளாஸ்டர் எடுத்துக் குழைத்தான். மறுபடி இறங்கி, அந்த விரிசலின் மேல் பட்டையாகப் பூசிவிட்டு வந்தான்.

"விரிசல் அசையுதுன்னா இது உடைஞ்சுடும். உடையலைன்னா பழைய விரிசல், பயப்பட வேணாம்" என்றான். பிறகு மேனேஜருக்கு போட்டோக்களை அனுப்பிவிட்டு போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"பாத்தேன் பிரபு. அடியில போனது யாரு?" என்றார் திருமுருகன்.

"ஜான்சி சார். புது ட்ரெய்னி."

"ஜான்சி, உங்களுக்கு அடி ஏதும் படலையே?" குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"இல்லைங்க சார்."

"நல்லது. ரெண்டு பேரும் கேளுங்க. இனிமே நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பாலத்துக்கு அடியில போகக் கூடாது. மேலயும் போகக் கூடாது. கம்பெனி வண்டி அதுல ஏறவே வேணாம். சுத்து வழி இருக்கு இல்ல, அதுல போங்க. சேஃப்டின்னு வந்துட்டா நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

பிரபு கண்ணைக் காட்டித் தடுப்பதற்குள் ஜான்சி கேட்டுவிட்டாள். "சார், ஊரு ஜனங்க எல்லாம் அது மேலதான் போறாங்க சார். உப்பு லாரியும் போவுது."

"அது நமக்கு இந்த வேலையைக் கொடுத்த கிளையன்ட் முடிவு பண்ண வேண்டிய விஷயம்மா. நாம டெஸ்ட் பண்ணுவோம், கணக்குப் போடுவோம், ரிப்போர்ட் கொடுப்போம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அதுக்கு முன்னாடி எதையாவது சொல்லி ஊர்ல பீதியைக் கிளப்பிட்டா நாளைக்குக் கோர்ட்டுல நிக்கறது நாமதான். கடற்கரை ரோடு வேலை மொத்தத்தையும் இவங்ககிட்டதான் கேட்டிருக்கோம். நீங்க அதே ஊருதானே?"

"ஆமாங்க சார்."

"அதனாலதான் சொல்றேன். ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. அம்மாகிட்டகூட. அந்தப் பாலம் எவ்வளவோ வருஷமா நிக்குது, நாளைக்கே விழுந்துடப் போறதில்லை. தாங்கும்."

"சரிங்க சார்."

சாயங்காலம் அவளை வீட்டில் விடக் கார் சுற்று வழியில் போனது. பாலத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற வீட்டுக்கு, தெற்கே கூனிமேட்டுப் பக்கம் வரை போய், கால்வாயைத் தாண்டி, மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கித் திரும்பி வர வேண்டியிருந்தது. பிரபு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். உப்புக் குவியல்கள் கீற்று போர்த்தி வரிசையாகக் கிடந்தன.

"சார், அந்தக் கம்பி அறுந்திருக்கு. நீங்களும் பாத்தீங்க" என்றாள்.

"பாத்தேன்."

"அப்ப..."

"ஜான்சி, போன தடவை இதே மாதிரி ஒரு இடத்துல நான் வாயைத் திறந்தேன். ரெண்டு வருஷம் எந்த ப்ராஜெக்ட்லயும் போடல. சும்மா உக்கார வெச்சிருந்தாங்க. இப்ப எனக்குக் கைக்குழந்தை இருக்கு." டிரைவர் கேட்கிறானா என்று முன்னால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கீங்க. உங்களை வேலையை விட்டு எடுக்கறதுக்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை. பாத்து இருந்துக்குங்க."

கார் காலனிக்குள் நுழைந்தபோது ராசம்மாள் அவளுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தாள். அதே பாலத்தின் மேல், அதே குட்டி யானையில்.

வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்து ராசம்மாள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் அரித்த குழிகள் பாதம் முழுக்க இருந்தன. நல்ல தண்ணீர் பட்டதும் எரிச்சலில் பல்லைக் கடித்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கார்ல வந்து இறங்கறா பாரு எம்பொண்ணு. மலர்கொடி காலையில கேக்கறா, உம்பொண்ணு கால்வாயில இறங்கி இன்னாடி பண்றான்னு. பாலத்துக்கு வைத்தியம் பாக்கறாடின்னு சொன்னேன்." தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். "எல்லாரும் சிரிச்சாளுங்க."

ஜான்சி தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து அம்மாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தடவினாள். இந்த சீசனோடு அம்மாவை அளத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே இருவரும் பேசி முடித்தது. ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானதும், தாம்பரம் பக்கம் ஒரு ரூம் பார்த்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பா இல்லாத வீட்டில் அவர்களுக்கு வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"யம்மா, நாளையிலேர்ந்து பாலத்தாண்ட இறங்கி நடந்து போயேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். நடந்தா உடம்புக்கு நல்லது."

"நல்லா சொன்ன போ. நாள் பூரா பாத்தியில நடக்கறது போதாதா?" என்றாள் ராசம்மாள். "எல்லாரும் வண்டியில போய் இறங்கச்சொல்ல நான் மட்டும் பின்னாடி ஆடி அசைஞ்சு போனா, ராஜாங்கம் வூட்டுக்குப் போன்னுடுவாரு. அளத்துல இறங்கற நேரத்துக்கு ஆளு இல்லைன்னா அன்னிக்கு வேலை கிடையாது." ராஜாங்கம் அந்தப் பக்கத்து அளத்தோடு இந்தப் பக்கத்து உப்பளத்தையும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்.

ஜான்சி தலையைக் குனிந்து எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ராசம்மாள் மகளின் கையைப் பார்த்தாள். அது ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஏய். பாலத்துல ஏதாச்சும் கீதாடி?"

"ஒண்ணுமில்லமா."

"என்னைப் பாத்துச் சொல்லு."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன் இல்ல" என்று அவள் எரிந்து விழுந்தாள். அம்மாவிடம் அவள் அப்படிப் பேசுவதில்லை. ராசம்மாள் காலை இழுத்துக்கொண்டு மெல்ல எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் வெளிச்சம் வரும்போது ஜான்சி பாலத்தடியில் நின்றாள். கம்பெனி போகக் கூடாது என்ற இடம். ஏணி பிரபுவின் காரில் இருந்ததால் தூணைப் பிடித்துக்கொண்டு அடிக்கட்டின் மேல் ஏறி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிரபு பூசிய பிளாஸ்டர் குறுக்கே வெடித்து இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதி கழன்று தொங்கியது. உடையாமல் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பிரபுவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

மேலே ஏறி வந்தபோது காலனிப் பக்கத்திலிருந்து குட்டி யானை வந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கும் பின்னால், வண்டியை முட்டிவிடுவது போல ஒட்டிக்கொண்டு, தார்ப்பாய் கட்டிய உப்பு லாரி. இரண்டும் ஒரே சமயத்தில் பாலத்தில் ஏறப்போகின்றன என்று அவளுக்குத் தெரிந்தது. திருமுருகன் சாரின் குரல் காதில் கேட்டது. கண்ணாடிக் கட்டடத்தின் கதவு நினைவுக்கு வந்தது. அவள் ஓரமாக ஒதுங்கினாள். பிறகு கால் தானாக நடந்து ரோட்டின் நடுவில் வந்து நின்றது. இரண்டு கையையும் விரித்தாள்.

ராமதாஸ் பிரேக்கை அழுத்தினான். பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"இன்னாம்மா, சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலையா?" என்று தலையை நீட்டியவன் அவளை அடையாளம் கண்டு தணிந்தான். "யாரு, ராசம்மாக்கா பொண்ணா? இன்னாம்மா இப்பிடி?"

"எல்லாரையும் இறக்கி விடுங்கண்ணே. நடந்து போவட்டும்."

"எதுக்கு?"

"இறக்கி விடுங்கண்ணே, சொல்றேன் இல்ல."

பின்னாலிருந்து லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மலர்கொடி வண்டியின் மேலிருந்து, "நேரமாவுதுடி ஜான்சி, வெளையாடாதே" என்றாள். ராசம்மாள் மகளின் முகத்தையே பார்த்தாள்.

"பாலம் தாங்காது" என்றாள் ஜான்சி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். "உள்ள கம்பி அறுந்து போயிருக்கு. நான் கண்ணால பாத்தேன். பாலம் தாங்காதுண்ணே!"

ஹாரன் நின்றது.

முதலில் இறங்கியது ராசம்மாள். தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள், கோயிலுக்குள் போவது போல. எல்லாரும் அக்கரை சேர்ந்த பிறகு ராமதாஸ் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். லாரிக்காரன் வண்டியை விட்டு இறங்கிக் குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டிவிட்டு பீடி பற்றவைத்தான். அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த லாரிகளும் நின்றன.

வெயில் ஏறியபோது ராஜாங்கம் புல்லட்டில் வந்தார். வெள்ளை வேட்டி, கூலிங் கிளாஸ். அவர் கத்தவில்லை.

"நீதான் சொன்னியாம்மா?"

"ஆமாங்க."

"உங்க கம்பெனி சொல்லுதா, நீ சொல்றியா?"

ஜான்சி போனைப் பார்த்தாள்; பிரபுவிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை.

"கம்பெனி சொல்லுதுன்னு சொல்லு, இப்பவே நிறுத்திடறேன். எனக்கும் உசுரு இருக்குது. நீயா சொல்றன்னா, நிக்கற லாரிக்கும் கெடந்து வீணாவற உப்புக்கும் யாரு பதில் சொல்றது?"

"நான்தாங்க சொல்றேன்" என்றாள் அவள்.

அவர் தள்ளிப் போய் நின்று யாருக்கோ போன் போட்டார்.

மத்தியானம் அவளுக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். திரையில் திருமுருகன், எச்ஆர் பெண் ஒருத்தி, புதுச்சேரி லாட்ஜ் ரூமிலிருந்து பிரபு. ராசம்மாள் அன்றைக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டு வந்து, திரையில் தான் தெரியாதபடி சுவரோரமாக நின்றாள்.

"கிளையன்ட் ரொம்பக் கோவமா இருக்காங்க ஜான்சி" என்றார் திருமுருகன். "அவங்க எஞ்சினியர் வந்து பாத்துட்டுப் போயிருக்கார். பாலம் நல்லா இருக்கு, மேல்பூச்சுதான் போயிருக்குன்னு சொல்றார்."

"அவரு அடியில இறங்கினாரா சார்?"

"அது உங்க வேலை இல்லை."

"சேர்ந்த அன்னிக்கு ட்ரெய்னிங்ல சொன்னீங்க சார். ஆபத்துன்னு தெரிஞ்சா, யாரா இருந்தாலும் வேலையை நிறுத்தலாம், கம்பெனி பின்னாடி நிக்கும்னு."

எச்ஆர் பெண் மைக்கைத் திறந்தாள். இளம் வயதுதான், ஜான்சியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். "அது நம்ம ஊழியர்களோட பாதுகாப்புக்கு ஜான்சி. பொதுமக்களுக்கு இல்லை" என்று பொறுமையாகச் சொன்னாள்.

"பிளாஸ்டர் உடைஞ்சிருக்கு சார். பிரபு சார்தான் பூசினார். காலையில போட்டோ அனுப்பினேன்."

திருமுருகன், "பிரபு, உங்க அபிப்பிராயம்?" என்றார்.

பிரபுவின் சதுரத்தில் படம் அசையாமல் இருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று ஜான்சி நினைத்தாள். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் ரிசல்ட் வராம எதுவும் சொல்ல முடியாது சார்" என்றான் பிரபு.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் பாதி அவள் காதில் விழவில்லை. எச்ஆர் பெண் நன்றி சொன்னாள், எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொன்னாள். திரை கறுத்தது. அதில் அவள் முகமும், பின்னால் சுவரோரமாக அம்மாவின் முகமும் தெரிந்தன.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ராசம்மாள்.

"வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

ராசம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மகளின் மடியிலிருந்து எடுத்து, உடைந்துவிடக் கூடாத பொருளைப் போல மெதுவாகக் கட்டில்மேல் வைத்தாள். ஜான்சி அம்மாவின் மடியில் தலையைக் கவிழ்த்தாள். "பயமா இருக்குதும்மா" என்றாள். "வேலை போனது இல்லம்மா. அந்த வெடிப்பு. அது தெறந்து தெறந்து மூடுது."

சில நாள் பாலத்தின் முகப்பில் இரண்டு தார் பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். லாரிகள் சுற்று வழியில் போய்வந்தன. பிறகு ஆட்கள் வந்து பாலத்தின் பக்கவாட்டில் காரை பூசி வெள்ளையடித்தார்கள். மெதுவாகச் செல்லவும் என்று ஒரு பலகை நட்டார்கள். பீப்பாய்கள் ஓரத்துக்குப் போயின. முதல் லாரி பாலத்தைத் தாண்டியபோது காலனியில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். அது தாண்டிவிட்டது. அடுத்ததும் தாண்டியது.

ராமதாஸ் முதலில் பாலத்துக்கு முன்னால் பெண்களை இறக்கிவிட்டு, அக்கரையில் ஏற்றிக்கொண்டான். அதில் நேரம் போயிற்று. தாமதமாக வந்தவர்களை ராஜாங்கம் திருப்பி அனுப்பினார். அப்படித் திரும்பிய ஒரு நாள் மலர்கொடி நேரே ராசம்மாள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"உம்பொண்ணு எதையோ பாத்து பயந்துக்கினா, எங்க பொழைப்பு போவுது. லாரியே போவுதே, நாங்க போனா இடிஞ்சிருமா?"

ஜான்சி உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "அக்கா, இன்னிக்கு இடியலைன்னா..."

"இன்னிக்குத்தான்டி எனக்குச் சோறு வேணும்" என்றாள் மலர்கொடி. சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போலிருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்களுக்கு மட்டும் பயமில்லைன்னு நெனச்சியா? நடுப்பாலம் வந்தா எல்லாரும் மூச்சை அடக்கிக்கிறோம். தாண்டினாத்தான் பேச்சே வருது." முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "உப்பு கண்ணுல பட்டுடுச்சு" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் வண்டியிலிருந்து இறங்குவதில்லை. ராசம்மாள் மட்டும் வண்டியில் ஏறாமல், மற்றவர்களுக்கு வெகு முன்பே தூக்கை எடுத்துக்கொண்டு இருட்டோடு நடந்து போனாள். ஜான்சி திண்டிவனத்தில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலை கேட்டு வைத்திருந்தாள். தினமும் காலையில் வாசலில் நின்று, குட்டி யானை பாலத்தில் ஏறி இறங்கும்வரை பார்ப்பாள். ஏறும்போது இரண்டு கை விரல்களும் தாமாகவே மடங்கிக்கொள்ளும். அது அக்கரை சேர்ந்த பிறகுதான் விரியும்.

புரட்டாசியின் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவளுடைய போன் அடித்தது. கம்பெனி கார் டிரைவர்.

"மேடம், உங்ககிட்ட இருக்கற கம்பெனி சாமான் எல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இங்க பாலத்தாண்ட நிக்கறேன்."

"வீடு தெரியுமே உங்களுக்கு. சுத்தி வாங்கண்ணே."

"சுத்தி வந்தா கிலோமீட்டருக்குக் கணக்கு கேக்கறாங்க மேடம். பாலத்து மேல வண்டிய ஏத்தக் கூடாதுன்னும் ஆர்டர். நீங்களே கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து கொடுத்துடுங்களேன்."

லேப்டாப் பையைத் தோளில் மாட்டினாள். ஹெல்மெட்டையும் மஞ்சள் ஜாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். ரோடு சேறாகக் கிடந்ததால் கம்பெனி ஷூவையே போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்தாள். புது வெள்ளையடிப்பு உள்ளங்கையில் ஒட்டியது. கீழே மழைத் தண்ணீர் நிறைந்து ஓடியது. நடுவுக்கு வந்தபோது மூச்சு தானாக அடங்கிக்கொண்டது.

கார் பாலத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கெட்டியான தரையாகப் பார்த்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஒவ்வொன்றாக வாங்கி டிக்கியில் வைத்தான். போனைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"ஷூவும் சொல்லியிருக்காங்க மேடம்."

"இதுவா?"

"நான் இன்னா பண்றது மேடம். வாங்கிட்டு வான்னாங்க."

அவள் குனிந்து நாடாவை அவிழ்த்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. கழற்றி, சேற்றை ரோட்டோரக் கல்லில் தேய்த்துத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். டிரைவர் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தான்.

வெறுங்காலோடு திரும்பி நடந்தாள். லாரிகளிலிருந்து சிந்திய உப்பு மழையில் பாதி கரைந்து பாலமெங்கும் கிடந்தது. நடுப்பாலத்துக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து உப்பு லாரி ஏறியது. ஒதுங்க இடமில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். பாலத்தின் நடுக்கம் உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏறியது. லாரி அவள் துணியை உரசிக்கொண்டு கடந்து, கரை சேர்ந்தது.

அதற்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்த கார், அப்படியே திரும்பி மெயின் ரோட்டுக்குப் போனது. அது நின்ற இடத்தில் இப்போது ராமதாசின் குட்டி யானை வந்து நின்றது. வேலை முடிந்த பெண்கள் பின்னால் நெருக்கி நின்றார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். ராமதாஸ் கியரை மாற்றினான். வண்டி பாலத்தில் ஏறியது.